ஸ்கூல் வேன் நின்ற பிறகு: வீடா, பகல் மையமா, ஹோமா?

என் மகனுக்கு 18 வயது முடிந்த ஏப்ரலோடு சிறப்புப் பள்ளியும் முடிந்தது. ஜூனில் பள்ளி திறந்த அன்று அவனே யூனிஃபார்மை எடுத்துப் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, 8.10க்கு வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்றான். வேன் வரவில்லை. அரை மணி கழித்துக் கூப்பிட்டேன், அசையவில்லை. பத்து மணிக்கு வெயில் முகத்தில் ஏறியதும்தான் உள்ளே வந்தான். இப்படியே மூன்று வாரம். நான்காவது வாரம் யூனிஃபார்மை ஒளித்துவைத்தேன். அன்று அவன் கடித்த கடியின் தழும்பு அவன் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது.

இப்போது அவனுக்கு 23. இந்த ஐந்து வருஷத்தில் வீட்டோடு வைத்துப் பார்த்தேன், பகல் மையத்துக்கு அனுப்பினேன், ஹோம்களைப் போய்ப் பார்த்தேன், ஒன்றில் நாலு நாள் விட்டும் பார்த்தேன். வாட்ஸ்ஆப் குழுவில் வாரத்துக்கு ஒரு தாயாவது "அக்கா, 18 ஆகப் போகுது, அடுத்து என்ன பண்றது?" என்று கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் துண்டுதுண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். சிறப்புப் பள்ளி என்றதும் சிலருக்குக் 'கற்றல் குறைபாடு' நினைவுக்கு வரலாம். நம் ஊரில் அப்படி டிஸ்லெக்ஸியா மாதிரி, எழுதப் படிக்க மட்டும் சிரமப்படுகிற பிள்ளைகளைத்தான் சொல்வார்கள். நான் பேசுவது அவர்களைப் பற்றி இல்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள், என் மகனைப் போல இரண்டும் சேர்ந்தவர்கள், அதிலும் பெரியவர்களாகிவிட்டவர்கள். இவர்களுக்குச் சின்ன வயதில் தெரபி, சிறப்புக் கல்வி என்று ஏதாவது வழி இருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இலவசக் கல்வியை 6 முதல் 18 வயது வரைதான் உறுதி செய்கிறது. அதற்கு மேல் அதே சட்டத்தின் 5ஆவது பிரிவு, இவர்களுக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு, இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. நல்ல வாசகம். ஆனால் அந்த வாழ்க்கைக்கான ஏற்பாட்டைப் பெற்றோர்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வேன். நான் இன்று ராத்திரி காய்ச்சலில் விழுந்தால் நாளைக்குக் காலையில் அவனுக்கு யார் பல் தேய்த்துவிடுவார்கள்? அவர்களுக்கு அவன் பேஸ்டைத் துப்ப மாட்டான், விழுங்கிவிடுவான் என்பது தெரியுமா?

வீட்டோடு இருப்பது

பெரும்பாலான குடும்பங்களில் இதைத் தேர்ந்தெடுத்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது. அது தானாக அமைந்துவிடுகிறது. சோறு, துணி, பாசம் எல்லாம் கிடைக்கிறது. பழகிய இடம், பழகிய சத்தம், அதே தட்டு. ஆட்டிசம் உள்ளவருக்கு இந்தப் பழக்கம் சின்ன விஷயமே இல்லை, பாதி நிம்மதி அதில்தான் இருக்கிறது.

ஆனால் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வீட்டோடு இருந்த முதல் ஒன்றரை வருஷத்தில் என் மகன் 11 கிலோ ஏறினான். பள்ளியில் தானே சட்டைப் பொத்தான் போட்டவன், நான் போட்டுவிடக் காத்து நிற்க ஆரம்பித்தான். அவசரத்தில் நானும் போட்டுவிட்டேன். இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகிறது. பகலில் தூங்கி ராத்திரி விழித்திருப்பான். அவனோடு நானும் விழித்திருப்பேன். கல்யாணம், கோயில், சொந்தக்காரர் வீடு என்று எங்கேயும் போகாமல் ஆனது. யாரும் ஒதுக்கவில்லை, நாங்களே ஒதுங்கிவிட்டோம்.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய் வருகிறது. வேலைக்குப் போன தாய் அந்த வேலையை விடும்போது வீட்டில் நின்றுபோகிற சம்பளத்தோடு இதை வைத்துப் பாருங்கள். வீட்டில் வைத்திருப்பது செலவில்லாத வழி என்று நினைக்கிறோம். அந்தச் செலவு அம்மாவின் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுக்கே வந்து உதவுகிற ஆட்கள் இருந்தால் இந்த வழியின் முகமே மாறிவிடும். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் சுற்று வட்டாரக் கிராமங்களில் வீடு தேடிப் போய் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், தாய்க்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். உலக வங்கி உதவியோடு நடக்கிற தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வுச் சேவை மையங்களைத் திறந்துவருகிறார்கள். உங்கள் வட்டாரத்துக்கு வந்துவிட்டதா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அப்படி ஒருவர் வாரம் ஒருமுறையாவது வந்து போனால் வீடு நல்ல வழிதான். யாருமே வராத வீட்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பகல் மையம்

காலையில் போய் சாயங்காலம் திரும்புவது. தொழிற்பயிற்சி மையம், டே கேர் என்று ஊருக்கு ஒரு பெயர். பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களும் பெற்றோர் சங்கங்களும் நடத்துபவை. சென்னையைச் சுற்றி இருப்பவர்களுக்குக் கொஞ்சம் வாய்ப்பு அதிகம். 1985இல் தொடங்கிய வித்யா சாகர் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. பலவகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் 2005இலிருந்து இருக்கிறது. மற்ற மாவட்டங்களில் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில் ஒன்றிரண்டு. தாலுகா ஊரில் இருப்பவர்கள் பஸ்ஸில்தான் கூட்டிப்போக வேண்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் நெரிசலில், ஹாரன் சத்தத்தில், காதைப் பொத்திக்கொண்டு அலறுகிற 80 கிலோ ஆளைக் கூட்டிப்போவது எப்படி இருக்கும் என்பது கூட்டிப்போனவருக்குத்தான் தெரியும்.

மையத்தைப் பார்க்கப் போனால் சுவரில் ஒட்டியிருக்கும் போட்டோக்களைப் பார்க்காதீர்கள். மதியம் இரண்டரை மணிக்குப் போய் நில்லுங்கள். காலையில் எல்லா மையமும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் பார்த்த ஒரு மையத்தில் அந்த நேரத்தில் 20 பேர் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், டிவி ஓடிக்கொண்டிருந்தது. 40 வயது ஆள் ஒருவர் ஒரு டப்பா மணியை நூலில் கோத்துக் கொடுத்தார். டீச்சர் அதை அவர் கண் முன்னாலேயே உருவி மறுபடி டப்பாவில் போட்டு, "இன்னொரு தடவை கோருங்க" என்றார். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். ஆறு வருஷமாம். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது.

என் மகன் இப்போது போகும் இடத்தில் செய்த வேலை செய்ததாகவே இருக்கிறது. பேப்பர் கவர் ஒட்டுகிறார்கள், அதை மருந்துக் கடை வாங்கிக்கொள்கிறது. காய்கறி நறுக்குகிறார்கள், அது மதியக் குழம்பில் வருகிறது. அவனுக்குச் சொன்னால் புரியாது, படம் வேண்டும். அதனால் அவன் மேசையில் ஐந்து படங்கள் வரிசையாக ஒட்டியிருக்கும்: கை கழுவுவது, கவர், சாப்பாடு, நடை, வேன். ஒன்று முடிந்ததும் அவனே அந்தப் படத்தைப் பிய்த்துக் கீழே இருக்கிற பெட்டியில் போடுவான். 'வேன்' படம் கடைசியில் இருக்கிறது என்று தெரிந்ததால் அவனுக்குப் பதற்றம் குறைந்தது. சேர்ந்த இரண்டாம் மாதம் கடிப்பது நின்றது. மாதக் கடைசியில் 150 ரூபாய் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோய்த் தெருமுனைக் கடையில் முறுக்கு வாங்குவான்.

குறையும் உண்டு. சனி, ஞாயிறு கிடையாது. மே மாதம் கிடையாது. பிள்ளைக்குச் சளி பிடித்தால் அனுப்ப முடியாது. மிக முக்கியமாக, ராத்திரிக்கு அதில் பதில் இல்லை. நான் கேட்ட அந்தப் பல் தேய்க்கும் கேள்விக்குப் பகல் மையம் பாதி பதில்தான் சொல்கிறது: அவனைத் தெரிந்த ஐந்தாறு பேர் ஊரில் உருவாகியிருக்கிறார்கள்.

ஹோம்

இதைப் பற்றிப் பேசினாலே பெற்றோர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "கொண்டுபோய்த் தள்ளிட்டாங்க" என்பது ஒரு பக்கம். "நான் செத்தா நடுத்தெருவில் நிக்கணுமா?" என்பது இன்னொரு பக்கம். இரண்டிலும் இருப்பது பயம்தான்.

பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்கள் மனநோய்க்காக அங்கே விடப்பட்டவர்கள். நம் பிள்ளைகளின் நிலை வேறு என்பது உண்மைதான். ஆனால் வாய் திறந்து புகார் சொல்லத் தெரியாதவரைப் பூட்டிய கதவுக்குப் பின்னால் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். இன்றைக்கு 2016 சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதையும் நடத்தக் கூடாது. சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள்.

நாங்கள் நாலு நாள் விட்டுப் பார்த்த இடம் பதிவு பெற்றது, சுத்தமானது, நல்ல மனிதர்கள். ஆனால் 60 பேருக்கு ராத்திரியில் இரண்டே பணியாளர்கள். நாலாம் நாள் அழைத்துவரப் போனபோது என் மகன் யாரோ ஒருவருடைய சட்டையைப் போட்டிருந்தான். பெயர் எழுதிக் கொடுத்த அவன் சட்டைகள் எங்கே என்று கேட்டேன். "இங்கே எல்லாம் பொதுதாம்மா" என்றார் அந்த அம்மா, அன்பாகத்தான் சொன்னார். அவன் என்னைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. வரிசையில் தட்டோடு நின்றான், முறை வரும்வரை. வீட்டில் இரண்டு நிமிஷம் சோறு தாமதமானால் கத்துகிறவன். நாலே நாளில் வரிசையைக் கற்றுக்கொண்டானே என்று அவர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

இன்னொரு இடத்தில், முதல் மூன்று மாதம் பார்க்க வரக் கூடாது, அப்போதுதான் செட்டில் ஆவார்கள் என்றார்கள். இந்த நிபந்தனை எங்கே வந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சொல்லாமல் எந்த நேரமும் வரலாம் என்று சொல்கிற இடத்தை மட்டும் யோசியுங்கள். ராத்திரி எத்தனை பேர் இருப்பார்கள், என்ன மாத்திரை கொடுக்கிறார்கள், அதை எழுதிவைக்கிறார்களா, பெண் பிள்ளையானால் யார் குளிப்பாட்டுவார்கள் என்று கேட்க வெட்கப்படவே வேண்டாம். பிள்ளையை இறுக்கி உட்காரவைக்க மருந்தை ஏற்றுகிற இடங்களும் உண்டு. ஒரு மாதத்தில் எச்சில் வடிந்து, நடை தளர்ந்திருந்தால் அது அமைதி இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஹோம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாக இருக்கிற 70 வயதுத் தாய், தன்னையே அறைந்துகொள்கிற அல்லது அவரையே தள்ளிவிடுகிற மகன் என்றால், இரண்டு பேர் உயிருக்கும் அதுதான் பாதுகாப்பு. அப்படியானால் இன்றைக்கே தேடுங்கள், உடம்பில் தெம்பு இருக்கும்போதே. தாய் இறந்த 16ஆம் நாள் காரியம் முடிந்ததும் யாரோ கொண்டுபோய் விடுவதற்கும், தாய் உயிரோடு இருந்து வாரா வாரம் போய்ப் பார்த்து இரண்டு வருஷத்தில் பழக்கிவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பிள்ளைக்கு மலையளவு.

சிறிய வீடுகள்

எனக்கு மிகவும் பிடித்ததும், கிடைப்பதற்கு மிகவும் அரிதானதும் இதுதான். நாலைந்து பேர், சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வீடு, கூட இருந்து பார்த்துக்கொள்ள இரண்டு பேர். அவர்களே கடைக்குப் போவார்கள், அவர்கள் வீட்டு வாசலில் அவர்கள் கோலம்.

இது கற்பனை இல்லை. சென்னை பேன்யன் அமைப்பு 2015இலிருந்து, மனநோயால் வருடக்கணக்கில் காப்பகத்தில் இருந்த பெண்களை இப்படிச் சிறு குழுக்களாக வாடகை வீடுகளில் குடிவைத்து வருகிறது. அது மனநோயிலிருந்து மீண்டவர்களுக்கானது என்றாலும், வழி நமக்கும் பொருந்தும். கொட்டிவாக்கத்தில் ஆஷா நிகேதன் இருக்கிறது. அங்கே குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் குணமங்கலத்தில் 2013இல் தொடங்கிய சிருஷ்டி, அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் விவசாயம் செய்து வாழும் கிராமம். மாடு, தோட்டம், மண் என்றால் சிலருக்கு உடம்பே மலர்ந்துவிடும். என் மகனுக்குச் சேறு காலில் பட்டால் போதும், அன்றைய நாள் போச்சு. அதனால் எங்களுக்கு ஒத்துவராது, உங்களுக்கு வரலாம்.

பெற்றோர் சேர்ந்து நாமே ஒன்று தொடங்கலாம் என்று நாங்கள் ஏழு குடும்பங்கள் ஒரு வருஷம் பேசினோம். வீடு கிடைக்கவில்லை என்பது ஒரு பிரச்சனை. ஹவுஸ் ஓனர்கள் போனில் சரி என்பார்கள், பிள்ளைகளைப் பார்த்ததும் "மாமியாரைக் கேக்கணும்" என்பார்கள். அதைவிடப் பெரிய பிரச்சனை எங்களுக்குள்ளேயே வந்தது. யார் எவ்வளவு பணம் போடுவது, ஒருவர் இறந்தால் அவர் பங்கு என்ன ஆகும், கடிக்கிற பிள்ளையைச் சேர்க்கலாமா. கடைசிக் கேள்வியில் குழு உடைந்தது. மறுபடி தொடங்கினால் பணத்தையும் இந்தக் கடைசிக் கேள்வியையும் முதல் நாளே எழுதிவைத்துவிட்டுத்தான் பேசுவேன். மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு கொண்டுவந்த கரோண்டா திட்டமும் பெரியவர்களுக்கான தங்குமிடங்களுக்காகவே வந்தது. ஒரு பதிவு பெற்ற அமைப்போடு சேர்ந்து போவது, பெற்றோர் மட்டும் தனியாக முட்டிக்கொள்வதைவிட நல்லது.

அக்கா, அண்ணன், தம்பி

எல்லாப் பெற்றோர் மனத்திலும் இருப்பது இந்த வழி. யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நானும் என் மகளிடம் கேட்காமலே, "அக்கா பாத்துப்பா" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோதுதான் ஒரு நாள் சொன்னாள்: "அம்மா, தம்பியை நான் விட மாட்டேன். ஆனா நீ என்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கலையே."

கேட்டோம். இரண்டு மணி நேரம் பேசினோம். அவள் சொன்னது: அவனை என் வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. ஆனால் அவன் எங்கே இருந்தாலும் மாதம் இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன், பணத்தைக் கவனிப்பேன், டாக்டரிடம் நான் பேசுவேன். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. உடன்பிறந்தவரிடம் முழு ஆளையும் சுமக்கச் சொல்வது வேறு, அவனுக்காகப் பேசும் ஆளாக இருக்கச் சொல்வது வேறு. இரண்டாவதைக் கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

அதைக் காகிதத்தில் ஏற்ற வேண்டும். 18 முடிந்தால் நாம் பெற்றோர் என்பதாலேயே அவனுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. 1999இன் நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கும் உள்ளூர் அளவிலான குழுவிடம் சட்டப் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பலவகைக் குறைபாடு நான்குக்கும் இது பொருந்தும். பாதுகாவலராக வருபவர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரம் கொடுக்க வேண்டும், பிறகு வருஷா வருஷம் கணக்கும் காட்ட வேண்டும். இந்தக் கண்காணிப்பு இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். அதே டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. பெற்றோர் அரசு ஊழியராக இருந்தால், சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியத்துக்கு வழி இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே பெயரைச் சேர்த்துவிடுங்கள். பின்னால் அலைவது அந்தப் பிள்ளையால் ஆகாது.

நாங்கள் எடுத்த முடிவு

வார நாட்களில் பகல் மையம். வீடு அவன் வீடாகவே இருக்கும். ஹோம் இப்போதைக்கு இல்லை, ஆனால் சொல்லாமல் போகலாம் என்று சொன்ன ஒரு சிறிய இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ராத்திரி தங்குகிறான். பழக்கம் இருக்கட்டும் என்பதற்காக. பாதுகாவலர் விண்ணப்பத்தில் மகள் பெயர்.

ஆனால் இதையெல்லாம்விட என் மனத்துக்கு நிம்மதி தந்தது தெருவில்தான் நடந்தது. முறுக்குக் கடை அண்ணனிடம் ஒரு நாள் போய், "இவன் பேச மாட்டான், பத்து ரூபாய் நீட்டினா முறுக்கு, இருபது நீட்டினா முறுக்கும் பாலும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மாதத்தில் அவர் என்னைவிட நன்றாக அவனைப் புரிந்துகொண்டார். எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு சாவி இருக்கிறது. அயர்ன் கடைத் தம்பிக்கு அவன் காதைப் பொத்தினால் என்ன அர்த்தம் என்று தெரியும். ஒரு நோட்டு எழுதிவைத்திருக்கிறேன்: என்ன சாப்பிடுவான், எதற்குப் பயப்படுவான், வலித்தால் எப்படிக் காட்டுவான், என்ன மாத்திரை, யார் டாக்டர், பேஸ்ட்டை விழுங்கிவிடுவான். நாலு பிரதி. ஒன்று மகளிடம், ஒன்று மையத்தில், ஒன்று அந்தச் சிறிய ஹோமில், ஒன்று எதிர்வீட்டில்.

போன ஐப்பசியில் எனக்கு நிஜமாகவே டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். முதல் இரண்டு நாள் எதிர்வீட்டு அக்கா வந்து பல் தேய்த்துவிட்டு வேனில் ஏற்றினார். மூன்றாம் நாள் மகள் வந்தாள். அக்கா வாங்கிவந்தது விழுங்கினாலும் பரவாயில்லாத குழந்தைகள் பேஸ்ட். நோட்டில் நான் அதை எழுதவில்லை, அவரே யோசித்திருக்கிறார். இப்போதும் அதைத்தான் வாங்குகிறோம்.